தோட்டத்து எலிகளும் மித்வல்லியின் ஆணையும்

நஸ்லத் ஷாஹீன், ஃபய்யூம்
3 மார்ச்சு 1963

என் இல்லத்தின் தலைவியே, இன்ஷிராஹ்,

உன்மீதும், உனக்கு இடம் தந்திருக்கும் உன் தம்பி வஹ்தானின் வீட்டின்மீதும் அமைதி நிலவட்டும். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் கெஞ்சல். இரண்டும் என் பேனாவுக்குப் பழக்கமில்லை. ஆகவே நேரே செய்திக்கு வருகிறேன்.

பெருநாள் கழிந்த மறுநாள் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு சின்னூரிஸ் பேருந்தில் ஏறிவிட்டாய். ஏன் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெருநாளன்று நம் வீட்டு ஆடவர் கூடத்தில் நடந்ததைப் பக்கத்து வீட்டு நஈசா உன் காதில் ஓதியிருப்பாள். அவள் ஷர்பீனியின் மனைவி. அவள் சொல்வது அவன் பக்கத்து வழக்கு. என் பக்கத்து வழக்கையும் கேள்.

இருபது பேர் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். ஹாஜி ஷர்பீனி குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "வாத்தியாரே, ஒங்க தோட்டத்து எலிகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துறீங்களா? வரிசையா சுவரேறி வந்து என் புறாக்குஞ்சுகளக் கணக்கெடுக்குதுக." கூடமே சிரித்தது. நான் பொறுத்தேன். அவன் விடவில்லை. "ஊருக்கே மேடைபோட்டுப் புத்தி சொல்றீங்க. வீட்டு எலி ஒங்க பேச்சக் கேக்கலையே" என்றான்.

கால்வாய்க் கரையில் பாசறை இறங்கியிருந்த வெள்ளையர் படையை எதிர்த்து முழங்கி, ஆறு மாதம் சிறையில் கிடந்தவன் நான். ஓர் எலிக்காக என்னைப் பார்த்து ஊர் சிரிப்பதா? எழுந்து நின்றேன். "ஷம்முன் நசீம் திருநாள் அன்னிக்கு என் தோட்டத்துல ஒத்த எலி இருந்தா, என் பொஞ்சாதிக்கு மூணு தலாக்" என்றேன்.

சொன்னதை மறுக்கவில்லை. மேடையேறிய நாள்முதல் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெற்றதில்லை. இளவேனில் திருநாளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பேரரசுகள் அதைவிடக் குறைந்த காலத்தில் வீழ்ந்திருக்கின்றன. எலிகள் எம்மாத்திரம்? அவற்றை ஒழித்த மறுகணம் நீ தலைநிமிர்ந்து வீடு திரும்பலாம்.

ஒரு சிறு செய்தி மட்டும் தெரியவேண்டும். எலிப்பொறியை எங்கே வைத்திருக்கிறாய்?

உன் கணவன்,
மித்வல்லி


சின்னூரிஸ்
8 மார்ச்சு 1963

ஆசிரியர் மித்வல்லி அவர்களுக்கு,

உங்கள்மீதும் அமைதி நிலவட்டும்.

பொறிகள் இரண்டு. ரொட்டி அடுப்பறையில், மாவு பிசையும் தொட்டிக்குப் பின்னால் இருக்கின்றன. ஒன்றின் வில் முறிந்துவிட்டது. சென்ற கோடையில் அதன்மேல் கால்வைத்து முறித்தவர் நீங்கள். மற்றது கம்பிப் பொறி. எலி உயிரோடு அகப்படும். எடுக்கும்போது கைவிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தோட்டத்தின்மீது ஆணையிட்டீர்களோ அந்தத் தோட்டத்தில் எத்தனை பாத்தி என்று உங்களுக்குத் தெரியுமா? பதினொன்று. கொய்யா நான்கு, பேரீச்சை மூன்று, எலுமிச்சை இரண்டு, சுவரோரம் திராட்சைப் பந்தல் ஒன்று. பத்தொன்பது ஆண்டுகளாக அவற்றுக்கு நீர்விட்டவள் நான். மாலையில் அவற்றின் நிழலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்தவர் நீங்கள். குறையாகச் சொல்லவில்லை. போர்க்களம் எங்கே இருக்கிறது என்று படைத்தலைவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அலெக்சாந்திரியாவிலிருந்து நம் மகள் ஹமீதா எழுதியிருக்கிறாள். "அம்மா ஏன் மாமா வீட்டில் இருக்கிறாள் என்று என் மாமியார் கேட்கிறார், என்ன சொல்வேன்?" என்று கேட்டிருக்கிறாள். எனக்கும் விடை தெரியவில்லை. சொல்வன்மை மிக்கவர் நீங்கள்; நீங்களே அவளுக்கு எழுதுங்கள்.

வாத்துகளை மாலையில் பட்டியில் அடைக்க மறக்கவேண்டாம்.

அப்துல் பாரியின் மகள்,
இன்ஷிராஹ்


நஸ்லத் ஷாஹீன்
19 மார்ச்சு 1963

அன்பிற்குரிய இன்ஷிராஹ்,

முப்பத்தொன்று. ஆம், முப்பத்தோர் எலிகள். வாசலில் வரிசையாகக் கிடத்தினேன். ஊர் வந்து பார்த்தது. கூட்டுறவுக் கடையில் கரும்பொடி நஞ்சு வாங்கித் தக்காளித் துண்டுகளில் தடவி, பாத்திதோறும் வைத்தேன். வளைகளுக்கு வாய்க்கால் நீரைத் திருப்பினேன். இந்த மண்ணில் எனக்குப் பின்வாங்கும் பழக்கம் இல்லை என்பதை எலிக்குலம் உணர்ந்துவிட்டது.

போர் என்றால் இழப்பு உண்டு. இரண்டை மறைக்காமல் எழுதுகிறேன். ஷர்பீனிக்கும் நமக்கும் இடையிலுள்ள மண்சுவர் ஈரம் குடித்து, இரண்டு முழ அகலத்துக்குச் சரிந்துவிட்டது. அவன் அந்த இடைவெளியில் வந்து நின்றுகொண்டு, "இது வரைக்கும் எலி சுவரேறி வந்துச்சு. இப்ப அதுகளுக்கு வாசலே வெச்சுக் குடுத்துட்டீங்க, வாத்தியாரே" என்றான்.

மற்றொன்று, வாத்துகள். தக்காளித் துண்டுகளை அவையும் விரும்பும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏழும் போயின. புதைத்துவிட்டேன்.

ஆயினும் முப்பத்தொன்று. இதனை நினை.

மித்வல்லி


சின்னூரிஸ்
23 மார்ச்சு 1963

ஆசிரியர் அவர்களுக்கு,

சாம்பல் நிற வாத்து, நான் கூப்பிட்டால் அடுப்பறைவரை வரும். அதைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

முப்பத்தொன்று என்று எழுதியிருக்கிறீர்கள். செத்த எலியை எண்ணுகிறவர் எலியை ஒழிப்பதில்லை. நீங்கள் கொன்ற இடத்துக்கு அடுத்த மாதம் அறுபது வரும். ஏனென்றால் உணவும் உறைவிடமும் அங்கேயே இருக்கின்றன. இவற்றைச் செய்யுங்கள்.

நஞ்சை மண்ணில் ஆழப் புதையுங்கள். உதிர்ந்த கொய்யாவைப் பொழுது சாயுமுன் பொறுக்கிவிடுங்கள், ஒன்றுகூடக் கிடக்கக்கூடாது. தானியம் முழுதும் மூடியுள்ள மண்சாடிக்குப் போகட்டும். பேரீச்சையின் காய்ந்த மட்டைகளை வெட்டுங்கள். அந்த மட்டைக்கூட்டுக்குள் எலி குஞ்சு பொரித்த பறவைபோல் குடியிருக்கும். வெட்டியபின் ஆளுயரத்தில் மரத்தைச் சுற்றித் தகரப்பட்டை அடியுங்கள். வழுக்கி விழும். பிறகு தோட்டத்துப் பாதையில் சலித்த சாம்பலைப் பரப்பிவையுங்கள். காலையில் அது சொல்லும், யார் நடந்தார்கள் என்று.

இத்தனையும் செய்து, ஒன்றைச் செய்யாவிட்டால் எல்லாம் வீண். கூரைமேல் இருக்கும் பருத்திமார்க் குவியலை, அந்தக் காய்ந்த பருத்திச்செடி விறகை, இறக்கிவிடுங்கள். மூன்று ஆண்டுப் பருத்திமார் அங்கே கிடக்கிறது. அடுப்புக்கு ஓராண்டுக்கானது போதும். எலிகளின் தலைநகரம் உங்கள் தலைக்குமேல் இருக்கிறது. நீங்களோ வயலோரக் குடிசைகளைத் தாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எனினும் எழுதினேன்.

அப்துல் பாரியின் மகள்,
இன்ஷிராஹ்


நஸ்லத் ஷாஹீன்
29 மார்ச்சு 1963

இன்ஷிராஹ்,

கொய்யா பொறுக்கினேன். தானியம் சாடிக்குப் போயிற்று. மட்டை வெட்டினேன், தகரம் அடித்தேன், கட்டைவிரலில் ஒருமுறை சுத்தியல் பட்டது. எல்லாம் உன் சொற்படியே.

கூரையை மட்டும் கேட்காதே. இவ்வூரில் ஒரு வீட்டின் பெருமையைக் கூரைமேல் நிற்கும் பருத்திமாரின் உயரத்தைக் கொண்டல்லவா அளக்கிறார்கள்? என் தந்தை காலத்தில் நம் குவியல் பள்ளிவாசல் முற்றத்திலிருந்து தெரியும். மொட்டைக் கூரையோடு நிற்கும் வீட்டைப் பார்த்து, "நொடிஞ்சு போனாங்க" என்பார்கள். எலிக்கு அஞ்சி என் தலைப்பாகையை நானே கழற்றி எறிவதா?

வேறு வழி சொல்.

மித்வல்லி


சின்னூரிஸ்
2 ஏப்ரல் 1963

வேறு வழி இல்லை.

உங்கள் கூரையின் உயரத்தையும் எனக்கிட்ட தலாக்கையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள். எது கனக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஷிராஹ்


நஸ்லத் ஷாஹீன்
10 ஏப்ரல் 1963

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய இன்ஷிராஹ்,

இறக்கிவிட்டேன்.

பட்டப்பகலில், ஊர் பார்க்க, நானே ஏறி இறக்கினேன். தெருவில் கூட்டம் கூடியது. வாத்தியார் வீட்டை விற்கிறாரா என்று கேட்டார்கள். நான் என் வேலையைப் பார்த்தேன். பாதியில் ஏணி ஆடிற்று. குனிந்து பார்த்தால், ஷர்பீனி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "விழுந்து தொலைச்சீங்கன்னா நான் யார்கிட்டப் பேச்சு வாங்குறது? எறக்குங்க, பிடிச்சுக்குறேன்" என்றான். உச்சியிலிருந்து அடிவரை அவன் ஏணியை விடவில்லை. நான் நன்றி சொன்னேனா என்று கேட்காதே.

நீ சொன்னது எள்ளளவும் பிழையன்று. அடி அடுக்கில் நாற்பதுக்கு மேற்பட்ட கூடுகள். பஞ்சு, கந்தல், என் பழைய உரைகளின் தாள்கள். பள்ளியில் நான் தேடித் தேடிக் காணாத அந்த நாட்டு விடுதலை நாள் உரை, எலிக்குஞ்சுகளுக்கு மெத்தையாகக் கிடந்தது. என் உரையைக் கேட்டு உறங்கியவர்களை நான் அறிவேன். அதன்மேலேயே உறங்கியவர்களை அன்றுதான் கண்டேன்.

ஐந்து நாள்களாகச் சாம்பலில் ஒரு தடமும் இல்லை. ஒரு குருவியின் கால் மட்டும். இன்ஷிராஹ், நாம் வென்றுவிட்டோம். வரும் திங்கட்கிழமை ஷம்முன் நசீம். ஆடவர் கூடத்து இருபது பேரும் காலையில் வந்து தோட்டத்தை அங்குலம் அங்குலமாகத் துருவப்போகிறார்கள். துருவட்டும். செவ்வாய்க்கிழமை முதற்பேருந்தில் நீ வந்துவிடு. என் சொல்லைக் காத்தேன், உன்னை வென்றேன்.

வெற்றியோடு,
மித்வல்லி


சின்னூரிஸ்
12 ஏப்ரல் 1963

ஆசிரியர் மித்வல்லி அவர்களுக்கு,

அஞ்சல் தாமதிக்கும் என்பதால் பேருந்து ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமைக்கு முன் நீங்கள் படித்தாகவேண்டும்.

கூரையை இறக்கினீர்கள் என்று படித்தபோது மகிழ்ந்தேன். உங்களுக்கு அது எத்தகைய செயல் என்று என்னைவிட அறிந்தவர் இல்லை. தம்பியிடம் அந்தப் பகுதியைப் படித்தும் காட்டினேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். "உன்னை வென்றேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்றைச் சொல்கிறேன். வந்த முதல் வாரமே வஹ்தான் என்னை நீதிமன்ற எழுத்தரிடம் அழைத்துச் சென்றான். அவர் சட்டநூலை எடுத்துக் காட்டினார். ஒன்றைச் செய்யவோ செய்யாமல் இருக்கவோ வற்புறுத்துவதற்காக மட்டும் சொல்லப்படும் தலாக், மணவிலக்கு ஆகாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டுச் சட்டம் அதுதான். "பயப்படாதீங்கம்மா. தோட்டம் நெறைய எலி ஓடினாலும் நீங்க அவர் மனைவிதான்" என்றார் எழுத்தர்.

ஆகவே எலிகளுக்கு அஞ்சி நான் இங்கே இருக்கவில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. உங்கள் தோட்டத்தைக் காக்க வழிசொன்னது, அது என் தோட்டம் என்பதனால்.

நான் ஏன் வந்தேன்? நீங்கள் இருபது ஆடவர் நடுவே எழுந்து நின்றபோது, உங்கள் கையில் பணயம் வைக்க எத்தனையோ இருந்தன. உங்கள் வேலை இருந்தது. உங்கள் மேடை இருந்தது. அந்தக் கூரை இருந்தது. இவற்றில் ஒன்றையும் தொடவில்லை. என்னைத் தூக்கி வைத்தீர்கள். நான் அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் விருந்தினருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நஈசா சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. என் காதாலேயே கேட்டேன்.

திங்களன்று எலி இல்லையென்றால், நான் நீங்கள் வென்ற பரிசு. எலி இருந்தால், நான் நீங்கள் தோற்ற பணயம். இவ்விரண்டில் மனைவி எங்கே இருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பரிசாக ஒரு வீட்டுக்குள் நுழைய எனக்குக் கால் வராது.

செவ்வாய்க்கிழமைப் பேருந்தில் நான் வரமாட்டேன். தோட்டம் தூய்மையாக இருக்கட்டும். உங்களுக்கு என் வாழ்த்து.

அப்துல் பாரியின் மகள்,
இன்ஷிராஹ்


நஸ்லத் ஷாஹீன்
16 ஏப்ரல் 1963

இன்ஷிராஹ்,

உன் மடல் சனியன்று கையில் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். மறுமொழியாக ஓர் உரையே எழுதத் தொடங்கி, நான்கு பக்கம் எழுதி, கிழித்தேன். என் வாழ்வில் எனக்கு வாதம் கிடைக்காத முதல் நாள் அது.

ஞாயிறு நண்பகல், சரிந்த சுவரின் இடைவெளியில் வைத்திருந்த கம்பிப் பொறி அசைந்தது. உள்ளே ஓர் எலி. கொழுத்தது, ஷர்பீனியின் புறாக்களைத் தின்று வளர்ந்ததாக இருக்கலாம். ஆனால் நின்றது என் மண்ணில். ஒருவரும் பார்க்கவில்லை. வாய்க்காலில் ஒருமுறை முக்கி எடுத்தால் கதை முடிந்தது. பொறியைக் கையில் தூக்கி வாய்க்கால்வரை போனேன். அங்கே நின்றேன். பிறகு திரும்பிவந்து, திராட்சைப் பந்தலடியில் வைத்து, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து, தண்ணீரும் ஒரு ரொட்டித் துண்டும் வைத்தேன்.

திங்கள் காலை இருபது பேரும் வந்தார்கள். இமாமும் வந்தார். பாத்தி பாத்தியாகப் பார்த்தார்கள். மரத்தைத் தட்டினார்கள். சாம்பலில் மண்டியிட்டார்கள். நான் காவலாக நின்ற பந்தலடிக் கூடையை மட்டும் ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. ஷர்பீனிதான் எல்லாரையும்விட நுணுகிப் பார்த்தான். கடைசியில் என் முன் வந்து, கையை நீட்டி, உரக்கச் சொன்னான்: "வாத்தியாரே, தோத்துட்டேன். ஒரு வாலக்கூடக் காணோம். ஒங்க வாக்கு வாக்குதான்."

அந்தச் சொல்லுக்காக நான் ஆறு வாரம் உழைத்திருக்கிறேன். அதை அவன் வாயிலிருந்து கேட்டேன். கேட்டபின் கூடையை எடுத்தேன்.

"பாருங்க, எலி. என் தோட்டத்துல, என் பொறியில. நான் போட்ட ஆணை ஒடைஞ்சுபோச்சு" என்றேன்.

இமாம் மெல்லக் கேட்டார்: "மித்வல்லி, என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சுதான் பண்றீங்களா? அப்ப அந்தம்மா கதி?"

"அவங்க என் பொஞ்சாதி. எலி இருந்தாலும், இல்லாட்டியும். அவங்கள வெச்சு ஆடுறதுக்கு எனக்கு உரிமை கெடையாது. இதே வாயால அன்னிக்கு ஒங்க முன்னாடி ஆடினேன். அது தப்பு. அதையும் ஒங்க முன்னாடியே சொல்றேன்."

இவ்வளவுதான் பேசினேன். நான் ஆற்றியவற்றிலேயே மிகச் சிறிய உரை இது. கைதட்டல் இல்லை. யாரோ ஒருவன் பின்னால் சிரித்தான். ஷர்பீனி திரும்பி ஒரு பார்வை பார்த்தான், சிரிப்பு நின்றது. சட்டம் நீ எழுதியபடியே என்று இமாமும் ஒப்புக்கொண்டார். ஆணை முறித்ததற்குக் கழுவாயாகப் பத்து ஏழைகளுக்கு உணவிடச் சொன்னார். நேற்றே இட்டேன். பருப்பு நானே சமைத்தேன், அடி பிடித்துவிட்டது, உண்டார்கள்.

சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றதில்லை என்று இந்த நாற்பத்தாறு வயதுவரை பெருமை பேசினேன். நேற்றுத் திரும்பப் பெற்றேன். வீடு வந்து சேரும்வரை நாணம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஹமீதாவுக்கும் இன்று எழுதிவிட்டேன், அவள் தந்தை செய்தது என்ன என்று, ஒன்றும் மறைக்காமல்.

வா என்று இம்மடலில் நான் எழுதவில்லை. அழைக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பதை நீ சொல்லவேண்டும்.

பாத்திகளுக்கு நீர் விட்டேன். பதினொன்று. எண்ணினேன்.

மித்வல்லி


சின்னூரிஸ்
17 ஏப்ரல் 1963

அன்புள்ள மித்வல்லி,

உங்கள் மடலுக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. திங்கள் மாலை நஈசா பேருந்தேறி இங்கே வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒங்க வீட்டுக்காரர் என்ன பண்ணிட்டாருன்னு தெரியுமா, அக்கா?" என்று தொடங்கினாள். முழுவதையும் மூன்று தடவை சொல்லச் சொன்னேன். மூன்றாம் தடவை வஹ்தானையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். அவன் எழுந்துபோய் உங்களுக்காக ஒரு மூட்டை எலுமிச்சை கட்டிவைத்திருக்கிறான்.

உங்கள் மேடைப்பேச்சுகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். பெண்கள் பக்கத்தில் அமர்ந்து, மற்றவர் கைதட்டும்போது நானும் தட்டியிருக்கிறேன். அவற்றில் ஒன்றும் எனக்கு மனப்பாடம் இல்லை. திங்களன்று நீங்கள் சொன்ன நான்கு வரியும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வருகிறேன். நீங்கள் பேருந்து நிலையத்துக்கு வரவேண்டாம், வண்டியும் அனுப்பவேண்டாம். தொழுகை முடிந்து ஆடவர் கூடம் நிறைந்திருக்கும் வேளையில் வருவேன். பெண்கள் வரும் பின்சந்து வழியாக இல்லை. பெருந்தெரு வழியாக, நடுப்பகலில், முன்வாசலுக்கு வருவேன். ஊர் பார்க்கட்டும்.

நான் வாசல் கடக்கும்போது அந்த இருபது பேரும் எழுந்து நிற்பார்கள் என்று நஈசா சொல்கிறாள். நிற்காவிட்டாலும் எனக்குக் குறையில்லை. நீங்கள் எழுந்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவி,
இன்ஷிராஹ்